பருவ இறுதித் தேர்வும் விடைத்தாளும்: தமிழகத் தொடக்கப் பள்ளி மதிப்பீடு – திருக்கழுக்குன்றம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 2012–13ஆம் கல்வியாண்டு முதல் முப்பருவ முறை நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு பருவத்தின் இறுதியிலும் நடைபெறும் தொகுத்தறி மதிப்பீடு, மாணவரின் கற்றலை 60 மதிப்பெண்ணுக்குள் அளக்கிறது. அத்தேர்வு எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது, அதன் முடிவு கற்பித்தலுக்குத் திரும்பி வருகிறதா என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. செயல்வழிக் கற்றல், முப்பருவ முறை, எண்ணும் எழுத்தும் ஆகிய மூன்றின் மதிப்பீட்டு அமைப்பும் ஒப்பிடப்படுகின்றன. திருக்கழுக்குன்றம் வட்டாரத்தின் மொழிச்சூழலும் தொழிற்சூழலும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன. மதிப்பெண்ணைவிட விடைத்தாளே ஆசிரியருக்குப் பயன்படும் சான்று. அச்சான்றைப் படித்துச் செயற்படுவதற்குரிய காலம் இன்றைய பருவ அமைப்பில் இல்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தொகுத்தறி மதிப்பீடு, வளரறி மதிப்பீடு, முப்பருவ முறை, செயல்வழிக் கற்றல், எண்ணும் எழுத்தும், பிழைப் பகுப்பாய்வு, திருக்கழுக்குன்றம்.

முன்னுரை

செப்டம்பர், டிசம்பர், ஏப்ரல் ஆகிய மூன்று மாதங்களில் தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகள் பருவ இறுதித் தேர்வை நடத்துகின்றன. அரசு ஆவணங்கள் இதனைத் ‘தொகுத்தறி மதிப்பீடு’ என்கின்றன. பெற்றோரும் பெரும்பாலான ஆசிரியர்களும் இன்றும் ‘காலாண்டு’, ‘அரையாண்டு’, ‘முழு ஆண்டு’ என்றே வழங்குகின்றனர். பெயர் மாற்றத்தை மக்கள் ஏற்றுக்கொள்ளவில்லை என்று இதனைக் கடந்துவிட இயலாது. தேர்வு நடைபெறும் மாதங்கள் மாறவில்லை. வினாத்தாள், விடைத்தாள், மதிப்பெண் பட்டியல், அதன்பின் விடுமுறை என்னும் வரிசையும் மாறவில்லை. ஆகவே பழைய பெயரே பொருத்தமாக இருக்கிறது என்று மக்கள் கருதுவதில் நியாயம் உண்டு.

மதிப்பீட்டைத் தொகுப்பது, வளர்ப்பது என இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் மைக்கேல் ஸ்கிரிவன் 1967இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குகிறது. அவர் பேசியது பாடத்திட்டங்களை மதிப்பிடுவது பற்றி. மாணவர் கற்றலுக்கு அப்பிரிவினையைக் கொண்டுவந்தவர் பெஞ்சமின் புளூம். இருவர் எழுத்திலும் இது தேர்வின் வகையைக் குறிக்கும் பிரிவினை அன்று. தேர்வின் முடிவை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைக் குறிக்கும் பிரிவினை. ஒரே வினாத்தாள் ஒருவர் கையில் தொகுத்தறி மதிப்பீடாகவும் இன்னொருவர் கையில் வளரறி மதிப்பீடாகவும் அமையலாம். தமிழகத்தின் நடைமுறையில் இவ்வேறுபாடு தேர்வின் பெயராகவும் மதிப்பெண் ஒதுக்கீடாகவும் உறைந்துவிட்டது. இதன் விளைவுகளைத் தொடக்க வகுப்புகளை மட்டும் கொண்டு இனிக் காணலாம்.

முப்பருவ முறையின் அமைப்பு

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 29ஆம் பிரிவில், குழந்தையின் புரிதலையும் அறிந்ததைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ந்தும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்று கூறுகிறது. 30ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும் வரை வாரியத் தேர்வு எதையும் கட்டாயமாக்கக் கூடாது என்கிறது. இவ்விரு பிரிவுகளின் அடிப்படையில் தமிழ்நாடு அரசு 2012–13இல் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குத் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டையும் முப்பருவ முறையையும் ஒருங்கே கொண்டுவந்தது. பாடநூல் மூன்று தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண். அதில் செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20. தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண். இரண்டும் கூட்டப்பட்டு ஏ1, ஏ2, பி1 என்றவாறு தரநிலைகளாக மாற்றப்படுகின்றன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் இதே போன்ற தன் முறையை 2017இல் கைவிட்டது. தமிழ்நாடு தொடக்க வகுப்புகளில் அதனைத் தொடர்ந்து வைத்திருக்கிறது.

புத்தகப் பையின் சுமை குறைந்தது இம்முறையின் உறுதியான பயன். அதன் மறுபக்கம் குறைவாகவே பேசப்பட்டுள்ளது. ஒரு பருவத்தின் தேர்வு அப்பருவத்தின் தொகுதியை மட்டுமே உள்ளடக்கும். முதற்பருவத்தில் கடன்வாங்கிக் கழித்தலைப் புரிந்துகொள்ளாத மாணவர் செப்டம்பரில் அதற்கான மதிப்பெண்ணை இழப்பார். அக்டோபரில் பள்ளி திறக்கும்போது புதிய தொகுதி அவர் கைக்கு வரும். பழைய தொகுதி வீட்டில் இருக்கும். பல வீடுகளில் அது எடைக்குப் போயிருக்கும். கழித்தல் அவரிடம் மீண்டும் தனியாகக் கேட்கப்படுவதில்லை. ஆனால் வகுத்தல் வரும்போது கழித்தல் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் ஒரே நூல் இருந்த காலத்தில், முழு ஆண்டுத் தேர்வு என்னும் அச்சுறுத்தலேனும் ஆசிரியரையும் மாணவரையும் முதற் பாடங்களுக்குத் திரும்பச் செய்தது. அந்த அச்சம் நீங்கியது நல்லதே. திரும்பிச் செல்லும் வழி மட்டும் வேறு வகையில் அமைக்கப்படவில்லை.

ஏணிப்படியில் இருந்த தேர்வு

முப்பருவ முறைக்கு முந்தைய செயல்வழிக் கற்றலில் இவ்வழி இருந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான அட்டை முறையை அடியொற்றி, எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இது தொடங்கப்பட்டது. 2007–08இல் மாநிலம் முழுவதும் விரிந்தது. பாடப்பொருள் சிறு சிறு மைல்கற்களாகப் பகுக்கப்பட்டு ஏணிப்படியாக வரையப்பட்டிருந்தது. ஒவ்வொரு மைல்கல்லிலும் அறிமுகம், பயிற்சி, வலுவூட்டல், மதிப்பீடு என அட்டைகள் இருந்தன. மதிப்பீட்டு அட்டையை முடிக்க இயலாத குழந்தை குறைதீர் கற்றலுக்கான அட்டைக்குச் செல்லும். முடித்த குழந்தை அடுத்த படிக்கு ஏறும்.

இங்குத் தேர்வுக்கு நாள் குறிக்கப்படவில்லை. இரண்டு குழந்தைகள் ஒரே நாளில் ஒரே தேர்வை எழுத வேண்டிய தேவை இல்லை. ஒரு வாரம் பள்ளிக்கு வராத குழந்தை, விட்ட அட்டையிலிருந்தே தொடங்கலாம். அளவீடும் அதன்மேல் எடுக்கும் நடவடிக்கையும் ஒரே ஏணியில் அடுத்தடுத்த படிகளாக இருந்தமை செயல்வழிக் கற்றலின் மிகச் சிறந்த கூறு. மதிப்பீட்டியல் நோக்கில் பார்த்தால், தமிழகம் அதன்பின் அந்த இடத்துக்கு முழுமையாகத் திரும்பவில்லை.

அம்முறைக்குக் குறைகளும் இருந்தன. பல வகுப்புக் குழந்தைகள் கலந்து அமர்ந்த கூடத்தில் ஓர் ஆசிரியர் முப்பது ஏணிகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. அட்டை முடிந்ததா என்பது கற்றல் நிகழ்ந்ததா என்பதற்கு மாற்றாகிவிடும் ஆபத்து இருந்தது. ‘பிள்ளை எத்தனை மார்க்கு?’ என்று கேட்கும் பெற்றோரிடம், ‘மயில் படம் போட்ட அட்டையில் இருக்கிறான்’ என்று ஆசிரியர் விடையளிப்பது எளிதன்று. தனியார் ஆங்கிலவழிப் பள்ளி மதிப்பெண் அட்டையைக் கையில் கொடுக்கும் ஊரில், அரசுப் பள்ளி அட்டையின் படத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. 2012இல் பருவத்தேர்வு மீண்டும் நடுவிடத்தைப் பிடித்ததற்கு இச்சமூக அழுத்தமும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

அறுபது மதிப்பெண் மறைப்பவை

கணக்கிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. மூன்றாம் வகுப்பு வினாத்தாளில் 52 – 27 என்னும் கழித்தல் உள்ளது எனக் கொள்வோம். ஒரு மாணவர் 35 என எழுதுகிறார். இன்னொருவர் 24 என எழுதுகிறார். மூன்றாமவர் 79 என எழுதுகிறார். மூவருக்கும் மதிப்பெண் சுழியம்.

மூன்றாமவர் கூட்டிவிட்டார், குறியைக் கவனிக்கவில்லை. இரண்டாமவருக்குக் கடன்வாங்கத் தெரியும். 12இலிருந்து 7ஐக் கழிப்பதில் ஓர் எண் பிசகியது. முதலாமவரின் நிலை வேறு. அவர் ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்கிறார்: 7இலிருந்து 2 போக 5; 5இலிருந்து 2 போக 3. அவரிடம் 63 – 28 கொடுத்தால் 45 என்றும், 71 – 46 கொடுத்தால் 35 என்றும் எழுதுவார். அவருக்கு ஒரு விதி இருக்கிறது. அதை அவர் பிசகாமல் பின்பற்றுகிறார். இத்தகைய பிழைகள் தற்செயலானவை அல்ல, ஒழுங்குடையவை என்பதை ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்டு பர்ட்டனும் 1978இல் கழித்தல் பிழைகளைக் கணினி வழி ஆராய்ந்து விளக்கினர்.

அதே மாணவர் 58 – 23, 79 – 46 ஆகியவற்றைச் சரியாகச் செய்வார். வினாத்தாளில் கடன்வாங்கத் தேவையற்ற கழித்தல்கள் மிகுந்திருந்தால் அவர் உயர்ந்த தரநிலை பெறுவார். கடன்வாங்கும் கழித்தல்கள் மிகுந்திருந்தால் தாழ்வார். அவர் அறிந்தது இரு நிலையிலும் ஒன்றே. மாணவரைப் பற்றிய தகவல் என நாம் எண்ணும் மதிப்பெண்ணில் வினாத்தாளைப் பற்றிய தகவலும் கலந்துள்ளது. இதை மதிப்பெண் பட்டியலிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. விடைத்தாளிலிருந்து ஐந்து நிமிடத்தில் பிரித்தெடுக்கலாம்.

மொழிப்பாடத்தில் இது இன்னும் நுட்பமானது. திருக்கழுக்குன்றத்துக் குழந்தைகள் தம் ஊர்ப்பெயரை எழுதுவதையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்துமுறையில் குழந்தைகள் இடறும் இடங்களில் பல இந்த ஒரு சொல்லில் கூடியிருக்கின்றன: இருமுறை வரும் ‘க்க’ இரட்டிப்பு, ழகரம், இடையின ரகரமும் வல்லின றகரமும், ‘ன்ற’ என்னும் மெய்ம்மயக்கம். சொல்வதெழுதுதலில் இச்சொல் கீழ்க்காணும் வடிவங்களில் வரலாம்.

‘திருகழுகுன்றம்’ என எழுதும் குழந்தைக்கு எழுத்துகள் அனைத்தும் தெரியும். ஒற்று இரட்டிப்பைச் செவியில் பிரித்தறியும் பயிற்சி தேவை. ‘திருக்களுக்குன்றம்’ என எழுதும் குழந்தை தன் வீட்டு ஒலிப்பை எழுதுகிறது. வாழைப்பழத்தை ‘வாயப்பயம்’ என ஒலிக்கும் வடதமிழ்ப் பேச்சு வழக்குப் பகுதியில் ழகரம் தனி ஒலியாகக் காதில் விழும் வாய்ப்பே குறைவு. இக்குழந்தைக்கு எழுதிப் பழகும் பயிற்சியைவிடக் கேட்டுப் பழகும் பயிற்சியே முதலில் வேண்டும். ‘திருக்கழுக்குன்ட்ரம்’ என எழுதும் குழந்தையின் செவி மிகக் கூர்மையானது. ‘ன்ற’ என்பதன் இன்றைய ஒலிப்பில் டகரத்தின் சாயல் இருப்பதை அது கண்டுபிடித்திருக்கிறது. ஆங்கில எழுத்தில் இவ்வூர்ப்பெயரை எழுதுவோரும் அதையேதான் செய்கின்றனர். இக்குழந்தைக்குச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு மரபு. நான்காவது வடிவம் ‘திருக்கழுகுக்குன்றம்’. இதை எழுதிய குழந்தைக்கு ஊர்ப்பெயரின் பொருள் தெரியும்: கழுகு, குன்று. வழங்கும் வடிவத்தில் ஓர் எழுத்துத் தேய்ந்திருப்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை. பெயராய்வில் ஈடுபடும் மாணவரிடம் எதிர்பார்க்கும் சிந்தனையை இக்குழந்தை செய்திருக்கிறது.

நான்கிற்கும் சிவப்பு மையில் ஒரே பெருக்கற்குறி. நான்கு பிழைகளுக்கும் மாற்றுக் கற்பித்தல் நான்கு வகை. ஒரே தண்டனையாக ‘பத்து முறை எழுதி வா’ என்பது ஒருவேளை முதற்குழந்தைக்குச் சற்றே உதவலாம். இரண்டாம் குழந்தைக்கு அதனால் பயன் இல்லை.

மதிப்பெண்ணோடு குறிப்புரையும் எழுதிவிட்டால் போதாதா என்னும் வினா இயல்பாக எழும். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிர்பாராத விடையைத் தருகிறது. குறிப்புரை மட்டும் பெற்ற மாணவர்களின் செயற்பாடும் ஆர்வமும் உயர்ந்தன. மதிப்பெண் மட்டும் பெற்றவர்களிடம் அந்த உயர்வு இல்லை. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களிடமும் அது இல்லை. மதிப்பெண்ணைக் கண்டவுடன் குழந்தை குறிப்புரையைப் படிப்பதை நிறுத்திவிடுகிறது என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். பட்லரின் ஆய்வு ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவரிடம் நடத்தப்பட்டது; ஒன்றாம் வகுப்புக்கு அதை அப்படியே பொருத்துவது முறையாகாது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் குறிப்புரையைப் படிக்கவே தெரியாது என்பதால், அங்கு வாய்மொழியே வழி.

பருவமும் நிலமும்

பருவ இறுதித் தேர்வு ஒரு பொது அட்டவணையில் நடைபெறுகிறது. பொது அட்டவணை என்பது எல்லாக் குழந்தைகளுக்கும் அதே அளவு கற்றல் நாட்கள் கிடைத்தன என்னும் எண்ணத்தை உள்ளடக்கியது. திருக்கழுக்குன்றம் வட்டாரத்தில் இவ்வெண்ணம் எங்கெங்கு உடைகிறது எனப் பார்க்கலாம்.

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே அமைந்த இவ்வூர், 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் உருவானபின் அதன் வட்டத் தலைமையிடங்களுள் ஒன்றாக விளங்குகிறது. மலைமேல் வேதகிரீசுவரர் கோயிலும் அடிவாரத்தில் பேரூரும் சுற்றிலும் ஏரிப்பாசனச் சிற்றூர்களும் உள்ளன. கிழக்கே கடற்கரை: மாமல்லபுரத்தின் மீனவர் குப்பங்களும் கற்சிற்பப் பட்டறைகளும், சதுரங்கப்பட்டினமும், அணுமின் நிலையம் அமைந்த கல்பாக்கமும். கல்பாக்கம் நகரியத்துப் பொறியாளரின் குழந்தைக்கும் அங்கு ஒப்பந்தக் கூலியாகச் செல்பவரின் குழந்தைக்கும் இடையே உள்ள தூரம் சில கிலோமீட்டர். முன்னவர் பெரும்பாலும் மத்தியப் பாடத்திட்டப் பள்ளியிலும், பின்னவர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலும் பயில்கின்றனர். பருவத்தேர்வின் முழுப் பாரமும் பின்னவர் மீதே விழுகிறது.

இரண்டாம் பருவத் தேர்வு டிசம்பரில். வடகிழக்குப் பருவமழையின் பிற்பகுதியும் புயற்காலமும் இக்கடற்கரைக்கு அதே மாதத்தில் வருகின்றன. 2022 டிசம்பர் 9ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலால் சென்னை, செங்கல்பட்டு உள்ளிட்ட மாவட்டங்களில் பள்ளிகள் பல நாட்கள் மூடப்பட்டன. அரையாண்டுத் தேர்வு நாட்கள் தள்ளிவைக்கப்பட்டன. தேர்வைச் சில நாட்கள் தள்ளிவைப்பது தேர்வுக்குரிய தீர்வு. இழந்த கற்பித்தலுக்குரிய தீர்வு அன்று. படகும் வலையும் சேதமான குப்பத்தில், தேர்வு நாளுக்கு முந்தைய இரு வாரங்களில் குழந்தை எங்கே இருந்தது என்பது மதிப்பெண் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

மூன்றாம் பருவம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. வடதமிழக மாவட்டங்களில் செங்கற்சூளை வேலை மழை ஓய்ந்தபின் தொடங்கி, அடுத்த மழைக்கு முன் முடிவது. இருளர் உள்ளிட்ட நிலமற்ற குடும்பங்கள் பல, குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு சூளைக்குச் செல்லும் காலம் இது. அக்குழந்தை பதிவேட்டில் ‘வருகையின்மை’யாகவும் மதிப்பெண் பட்டியலில் தாழ்ந்த தரநிலையாகவும் தோன்றுகிறது. மூன்றாம் பருவத்தின் இறுதி சித்திரையை ஒட்டி வருவதால், வேதகிரீசுவரர் கோயிலின் சித்திரைப் பெருவிழாவும் அக்காலத்தை நெருங்கி வரும். விழா நாட்களில் ஊர்க்குழந்தைகள் தேர்வீதியில் இருப்பார்கள் என்பதை உள்ளூர் ஆசிரியர்கள் அறிவர். மாநில அட்டவணை அறியாது.

செயல்வழிக் கற்றலின் ஏணி, புயலுக்குப்பின் விட்ட படியிலிருந்து தொடங்க இடம் தந்தது என்பதை இங்கு நினைவுகொள்வது பொருந்தும்.

ஒரு தேர்வு, இரண்டு எசமானர்

பருவத்தேர்வின் முடிவு ஆசிரியருக்கு மட்டும் உரியதாக இருந்தால், மேற்கண்ட குறைகளை அவரே ஈடுசெய்துகொள்வார். புயலில் இரு வாரம் வராத குழந்தையை அவருக்குத் தெரியும். சிக்கல், அதே எண்கள் மேலே சென்று பள்ளியையும் ஆசிரியரையும் வட்டாரத்தையும் மதிப்பிடும்போது தொடங்குகிறது.

இதற்கு நெடிய வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1862இல் வந்த திருத்திய விதிகள், ஆய்வாளர் நேரில் வந்து நடத்தும் தேர்வில் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் தேறும் ஒவ்வொரு குழந்தைக்கும் இவ்வளவு என மானியம் நிர்ணயித்தன. கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மேத்யூ ஆர்னால்டு அதனைத் தொடர்ந்து கண்டித்தார். சென்னை மாகாணத்திலும் 1860களில் இதே போன்ற தேர்ச்சிவழி மானியம் நடைமுறைக்கு வந்தது. திண்ணைப் பள்ளிகளை அரசின் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்த முதன்மைக் கருவிகளுள் அது ஒன்று. மானியம் பெற விரும்பிய வாத்தியார், ஆய்வாளர் கேட்கும் பாடத்தையே கற்பித்தார். ஆய்வாளர் வரும் நாளைச் சுற்றியே ஆண்டு அமைந்தது. கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானம் அம்முறையிலிருந்து விலகியது.

மானியம் நீங்கினாலும் மனநிலை நீங்கவில்லை. மாநில அரசுகள் 5, 8ஆம் வகுப்புகளுக்கு முறையான தேர்வு நடத்தலாம் எனக் கல்வி உரிமைச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. அதையடுத்து அவ்வாண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அவ்வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வை அறிவித்தது. பத்து வயதுக் குழந்தைக்குப் பொதுத்தேர்வா என்னும் எதிர்ப்பு பல தரப்பிலிருந்தும் எழுந்தது. 2020 பிப்ரவரி 4ஆம் நாள் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, 8ஆம் வகுப்பு வரை தேர்ச்சி நிறுத்தம் இல்லை என்பதை உறுதிப்படுத்தியுள்ளது. இலங்கையில் நிலை வேறு. அங்கு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை தேசிய அளவில் நடைபெறுகிறது. வெட்டுப்புள்ளியைக் கடந்த பிள்ளை பெரிய பாடசாலைக்குச் செல்லலாம். வடக்கு, கிழக்கின் தமிழ்ப் பாடசாலைகளில் நான்காம், ஐந்தாம் தர வகுப்பறை அப்பரீட்சைக்குரிய பயிற்சிக் களமாகச் சுருங்குவது அந்நாட்டுக் கல்வியாளர் நெடுங்காலமாகச் சுட்டிவரும் குறை.

கல்வி நிர்வாகத்துக்குத் தகவல் வேண்டும் என்பது உண்மை. அதற்குரிய கருவிகள் தனியே உள்ளன. 2021 நவம்பரில் தேசிய அடைவு ஆய்வும், 2024 டிசம்பரில் பராக் தேசிய ஆய்வும், 2025 பிப்ரவரியில் 3, 5, 8 வகுப்புகளுக்கு மாநில அடைவு ஆய்வும் நடந்துள்ளன. மாநிலம் எங்கே நிற்கிறது என்னும் வினாவுக்கு இவை விடையளிக்கும். அவ்வினாவுக்காகப் பருவத்தேர்வின் மதிப்பெண்ணையும் திரட்டுவது தேவையற்றது, தீங்கும் உண்டு. தன் எண்கள் மேலே ஒப்பிடப்படும் என அறிந்த ஆசிரியர், குழந்தை அறியாததைக் காட்டும் வினாவைக் கேட்கத் தயங்குவார். குழந்தை அறியாததைக் காட்டாத தேர்வினால் அடுத்த பருவத்துக்குப் பயன் எதுவும் இல்லை.

எண்ணும் எழுத்தும்

பெருந்தொற்றுக் காலப் பள்ளி மூடலுக்குப்பின், 2022 ஜூன் 13இல் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கி, 2023–24இல் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் மாணவர் அடிப்படை மதிப்பீட்டின் வழி இனங்காணப்பட்டு, வகுப்பைவிட நிலைக்கேற்பக் கற்பிக்கப்படுகின்றனர். மூன்றாம் வகுப்பில் பயிலும் குழந்தை அரும்பு நிலையில் இருக்கலாம் என்பதை அரசுத் திட்டமே வெளிப்படையாக ஏற்றது பெரிய மாற்றம். செயல்வழிக் கற்றலின் ஏணி வேறு பெயரில் ஓரளவு திரும்பியது எனலாம்.

மதிப்பீடு செயலி வழியே நிகழ்ந்தது இத்திட்டத்தின் மற்றொரு புதுமை. ஆசிரியர் தம் கைப்பேசியில் ஒவ்வொரு குழந்தைக்கும் வினாவைக் காட்டி விடையைப் பதிய வேண்டும். பதிவேற்றச் சுமை கற்பித்தல் நேரத்தை விழுங்குகிறது என ஆசிரியர் அமைப்புகள் தொடர்ந்து எதிர்ப்புத் தெரிவித்து வந்துள்ளன. சுமையைவிட ஆழமான வினா ஒன்றும் இதில் உண்டு. செயலியில் விடை சரியா தவறா என்பது மட்டும் பதிவானால், ‘குன்ட்ரம்’ என எழுதிய குழந்தையும் ‘திருக்களு’ என எழுதிய குழந்தையும் அங்கேயும் ஒன்றாகவே கணக்கிடப்படுவர். தாளில் எழுதிய தேர்வில் பிழையின் வடிவமேனும் எஞ்சியிருந்தது.

வகுப்பறையில் இயல்வன

பருவத்தேர்வை நீக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. பெற்றோர் அதை எதிர்பார்க்கின்றனர். குழந்தைகள் பலர் அதை விரும்பவும் செய்கின்றனர். அதன் முடிவு ஆசிரியரிடம் திரும்பி வருவதற்கு வேண்டுவது சிறு மாற்றங்களே.

முதலாவது காலம். இன்று தேர்வு பருவத்தின் கடைசி நாட்களில் நடந்து விடுமுறையோடு முடிகிறது. அதையே விடுமுறைக்கு ஏழு அல்லது எட்டு வேலைநாட்களுக்கு முன் நடத்தினால், விடைத்தாளைத் திருத்திக் குழந்தையோடு அமர்ந்து பார்க்கவும், பிழை வகையால் குழுக்கள் அமைத்துக் கற்பிக்கவும் ஒரு வாரம் கிடைக்கும். கூடுதல் நிதி எதுவும் இதற்குத் தேவையில்லை. அட்டவணையைத் திருத்தினால் போதும். ஆனால் தேர்வு முடிந்தபின் குழந்தைகள் பள்ளிக்கு வருவதில்லை என்னும் பழக்கம் பல ஊர்களில் வேரூன்றியுள்ளது. அதை மாற்றுவது அட்டவணையைத் திருத்துவதைவிடக் கடினம்.

இரண்டாவது, 1, 2ஆம் வகுப்புகளில் வாய்மொழி மதிப்பீட்டுக்கு முதலிடம் தருவது. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஆண்டு ஆய்வில், ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே எழுத்து, சொல், பத்தி, சிறுகதை என வாசிக்கச் செய்து நிலை காண்கின்றனர். இருபத்தைந்து குழந்தைகள் உள்ள வகுப்பில், ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் 125 நிமிடம். ஐந்து நாட்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 25 நிமிடம். ஈராசிரியர் பள்ளியில் மற்றக் குழந்தைகளுக்கு அந்நேரத்தில் தானே செய்யும் வேலையைத் தர வேண்டியிருக்கும். அதற்குச் செயல்வழிக் கற்றலின் அட்டைகள் இன்றும் பயன்படும். பள்ளி அலமாரியில் அவை எஞ்சியிருந்தால்.

மூன்றாவது, வினாக்களை அமைக்கும் முறை. கழித்தலுக்கு ஆறு வினா கேட்பதாயின், இரண்டு கடன்வாங்கத் தேவையற்றவை, மூன்று கடன்வாங்கத் தேவைப்படுபவை, ஒன்று மேல் எண்ணில் சுழியம் வருவது (எ.கா. 60 – 24) என அமைத்தால், விடைகளின் வரிசையே பிழையின் இடத்தைக் காட்டிவிடும். சொல்வதெழுதுதலுக்கும் இது பொருந்தும்: பத்துச் சொற்களில் மூன்று ஒற்று இரட்டிப்புக்கும், மூன்று ல, ள, ழ வேறுபாட்டுக்கும், இரண்டு ர, ற வேறுபாட்டுக்கும், இரண்டு ந, ன, ண வேறுபாட்டுக்கும் எனத் தெரிவுசெய்யலாம். மாநில அளவில் வரும் பொது வினாத்தாளில் இதைச் செய்வது எளிது; வினாத்தாள் தயாரிப்போர் பாடவாரியான மதிப்பெண் பகிர்வோடு பிழை வகைப் பகிர்வையும் கருத வேண்டும்.

நான்காவது, பதிவு. தரநிலைக்கு அருகில் ஒரு வரி: ‘பத்துகளிலிருந்து கடன்வாங்குதல் இன்னும் வரவில்லை’, ‘ழகரத்தைச் செவியில் பிரிக்கவில்லை’. இவ்வரி இப்போது ஆசிரியரின் நினைவில் மட்டும் இருக்கிறது. ஜூன் மாதத்தில் வகுப்பு மாறும்போதும், ஆசிரியர் இடமாறுதல் பெறும்போதும் அது அழிகிறது. தை மாதத்தில் சூளைக்குச் செல்லும் குடும்பத்தின் குழந்தை வேறு ஒன்றியத்துப் பள்ளியில் நடு ஆண்டில் சேர்ந்தால், அதன் மாணவர் எண்ணைக் கொண்டு புதிய ஆசிரியர் கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தில் அதன் பெயர், வகுப்பு, மதிப்பெண் ஆகியவற்றைப் பெறலாம். அந்த ஒரு வரியும் உடன் சென்றால், அவர் அக்குழந்தைக்கு மீண்டும் ஒரு தேர்வு வைக்க வேண்டியதில்லை. முதல் நாளே 52 – 27இல் தொடங்கலாம்.